ஏட்டுச் சுரைக்காயும் வீட்டுப் பூசணியும்

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்க முடியாது என்பார்கள். ஆனால் மஞ்சட் பூசணி தன் பிறந்த ஊரைப் பல தலைமுறைகளாக நம் சோற்றுக் கோப்பைக்குள் மறைத்தே வைத்திருக்கிறது. அது நம் மண்ணிலேயே தோன்றியது என்றுதான் நம்மிற் பெரும்பாலோர் நம்புகின்றோம். சேனையிலும் வளவிலும் கேட்பாரின்றிப் படர்ந்து காய்க்கும் ஒரு கொடியை யார்தான் அந்நியமாக நினைப்பார்கள்? அதற்கு மேலாக நம் சமூகத்தில் இன்னொரு பெருமையும் அதற்குண்டு. அது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பியுண்ட காய் என்று பயான்களிற் சொல்லக் கேட்கிறோம். உம்மாமார் அதைச் சொல்லித்தான் சாப்பிட மறுக்கும் பிள்ளைக்கு ஒரு துண்டு ஊட்டுகின்றனர்.

இந்தப் பெருமை வந்த வழியைச் சற்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இது வெறும் காய்கறிச் சர்ச்சையல்ல. ஒரு சொல் நாடுவிட்டு நாடு, மொழிவிட்டு மொழி செல்லும்போது அதன் பொருள் எப்படி இடம் மாறுகிறது, அந்த மாற்றம் நம் அடுப்படியையும் மருந்துப் பெட்டியையும் எப்படித் தொடுகிறது என்பதைப் பற்றியது.

முதலில் ஹதீஸுக்கு வருவோம். ஒரு தையற்காரர் நபி (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைக்கின்றார். வாற்கோதுமை ரொட்டியும், 'துப்பாஃ' என்ற காயும் உலர்த்திய இறைச்சியும் சேர்ந்த குழம்பும் வைக்கப்படுகின்றன. நம்மூர் உப்புக்கண்டம் போன்றதே அந்த உலர் இறைச்சி. நபியவர்கள் தட்டின் ஓரங்களிலெல்லாம் அந்தக் காயைத் தேடி எடுத்து உண்பதைக் கூடவே இருந்த அனஸ் இப்னு மாலிக் (ரழி) அவர்கள் காண்கின்றார்கள். அன்று தொட்டுத் தாமும் அந்தக் காயை நேசிக்கலானதாக அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. ஒரே ஸஹனைச் சுற்றியிருந்து உண்டு பழகிய நமக்கு இந்தக் காட்சி கண்முன்னே நிற்கும்.

கேள்வி 'துப்பாஃ' என்ற அந்தச் சொல்லிலேதான் இருக்கிறது. சிலர் அதைச் சுரைக்காய் என்கின்றனர். சிலர் பூசணி என்கின்றனர். ஆங்கில மொழிபெயர்ப்புக்களிலும் 'கோர்ட்' என்றும் 'பம்ப்கின்' என்றும் இரண்டு விதமாகவே காணப்படுகின்றது. உருதுவிற் 'கத்தூ' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வழங்குவதால், அவ்வழியே வந்த நூல்களிலும் இந்த மயக்கம் தொற்றிக்கொண்டது. அகராதியை வைத்து மட்டும் இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. பூசணியின் வரலாற்றையே சாட்சிக்கு அழைக்க வேண்டியிருக்கிறது.

மஞ்சட் பூசணி அடங்கும் தாவர இனத்துக்குக் 'குக்குர்பிட்டா' என்று பெயர். இதன் எல்லா வகைகளும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. மெக்சிக்கோவின் வாஹாக்கா மாநிலத்திற் கீலா நக்கித்ஸ் என்றொரு குகை உண்டு. 1966 ஆம் ஆண்டில் கென்ற் பிளனரி என்ற தொல்லியலாளர் அங்கே அகழ்வு செய்தார். அங்கு கிடைத்த பூசணி விதைகளையும் காம்புகளையும் மீளாய்வு செய்த புரூஸ் ஸ்மித், அவற்றுட் சில ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் பழைமையானவை என்றும், மனிதர் பயிரிட்ட செடியில் விளைந்தவை என்றும் 1997 இல் அறிவித்தார். அந்த மண்ணின் மக்கள் சோளனைப் பயிரிடத் தொடங்குவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பூசணியைப் பயிரிட்டுவிட்டனர் என்பது இதனால் தெளிவாகியது.

காட்டுப் பூசணி கடுங் கசப்பானது. எனவே ஆதி மனிதர் முதலில் தேடியது அதன் சதையையன்று, கொழுப்பும் புரதமும் நிறைந்த விதையையே என ஆய்வாளர் கருதுகின்றனர். கசப்புக் குறைந்த காயின் விதையைத் தேர்ந்து தேர்ந்து நட்டதன் பயனாகவே, காலப்போக்கில் சதைப்பற்றும் இனிப்பும் உள்ள காய் கிடைத்தது. பள்ளிக்கூடம் என்ற ஒன்றே இல்லாத காலத்தில், பெயர் தெரியாத எத்தனையோ தலைமுறை உழவர்கள் செய்த ஆராய்ச்சி அது. பின்னர் அவர்கள் சோளன், அவரை, பூசணி மூன்றையும் ஒரே நிலத்தில் சேர்த்துப் பயிரிட்டனர். சோளன் தண்டில் அவரை ஏறும். அவரை மண்ணுக்கு நைதரசனைச் சேர்க்கும். பூசணி இலை நிலத்தை மூடிக் களையையும் வெயிலையும் தடுக்கும். நமது வரண்ட வலயச் சேனைகளிலும் சோளன், பயற்றை, பூசணி ஒன்றாக நிற்பதைக் காண்கின்றோம். எங்கோ பிறந்த பயிர்கள் இங்கும் அதே கூட்டாளிகளுடன் வாழ்கின்றன.

கொலம்பஸ் அமெரிக்கக் கரையைத் தொட்ட 1492 ஆம் ஆண்டுக்கு முன்னர் ஐரோப்பாவிலோ, அரபு நாடுகளிலோ, இந்தியாவிலோ, இலங்கையிலோ மஞ்சட் பூசணி இருந்ததில்லை. 1344 இல் இலங்கைக்கு வந்து பாவா ஆதம் மலையேறிய இப்னு பதூதா இங்கே பூசணிக் கறி உண்டிருக்க வழியே இல்லை. அந்தக் கறிக்கு நாம் போடும் கொச்சிக்காயையும் அவர் கண்டிருக்க முடியாது. அதுவும் அதே அமெரிக்காவின் பிள்ளைதான்.

ஐரோப்பாவில் பூசணி தலைகாட்டிய விதம் சுவையானது. பிரான்ஸ் நாட்டு அரசி ஆன் என்பவருக்காக 1503 இற்கும் 1508 இற்கும் இடையில் ஷோன் பூர்திஷோன் என்ற ஓவியர் தீட்டிய பிரார்த்தனைச் சுவடி ஒன்றில் ஒரு பூசணிக் கொடி உள்ளது. ஐரோப்பாவில் இந்த இனத்துக்குக் கிடைக்கும் மிகப் பழைய ஓவியம் இதுவே எனப்படுகிறது. அதற்கு அங்கே எழுதப்பட்டுள்ள பெயர் 'துருக்கிச் சுரை' என்பதாகும். ஜெர்மானிய மருத்துவர் லெயோன்ஹார்ட் பூக்ஸ் 1542 இல் வெளியிட்ட மூலிகை நூலிலும் ஒரு பூசணி வகைக்குத் 'துருக்கி வெள்ளரி' என்றே பெயரிட்டார். துருக்கிக்கும் அந்தக் காய்க்கும் பிறப்பு உறவு எதுவும் இல்லை. ஆயினும், தூர தேசத்திலிருந்து வந்த புதுப் பொருள் எதுவாயினும் அது முஸ்லிம் நாட்டுச் சரக்காகவே இருக்கும் என்று அன்றைய ஐரோப்பியர் எண்ணினர். சோளனையும் இத்தாலியர் இன்றுவரை 'துருக்கித் தானியம்' என்றே அழைக்கின்றனர்.

இனித் தமிழுக்கு வருவோம். தமிழ்நாட்டில் இதே காய்க்குப் 'பறங்கிக்காய்' என்று ஒரு பெயர் உண்டு. பறங்கி என்றால் நமக்கு விளக்கம் தேவையில்லை. மட்டக்களப்பிற் போர்த்துக்கேய வழித்தோன்றல்களை இன்றும் பறங்கியர் என்றே அழைக்கின்றோம். அந்தச் சொல்லின் வேர் இன்னும் சுவையானது. சிலுவை யுத்த காலத்தில் மேற்கு ஐரோப்பியரை அரபிகள் 'இஃப்ரன்ஜ்' என்றும் பாரசீகர் 'ஃபரங்கி' என்றும் அழைத்தனர். அதுவே தமிழிற் பறங்கியாயிற்று. ஐரோப்பியன் பூசணியைத் துருக்கியன் தலையிற் கட்டினான். அரபு, பாரசீக வழியாக வந்த சொல்லைக் கொண்டு தமிழன் அதைப் பறங்கி தலையிற் கட்டினான். இரண்டு பேரும் உண்மையான உழவனை, மெக்சிக்கோவின் செவ்விந்தியனை மறந்துவிட்டனர்.

தமிழனின் கணிப்பில் ஓரளவு உண்மை உண்டு. அமெரிக்கப் பயிர்கள் இந்தியக் கரைகளுக்கு வந்தது போர்த்துக்கேயர் திறந்த கடல்வழியாகத்தான். அன்னாசி என்ற சொல் அவர்களது 'அனனாஸ்' என்பதன் தமிழ் வடிவம். பப்பாசியும் அவ்வழியே வந்தது. கொச்சியிலிருந்து வந்ததாற் கொச்சிக்காய் எனப் பெயர் பெற்றது மிளகாய். கொச்சி அக்காலத்தில் போர்த்துக்கேயரின் தலைமைத் துறைகளுள் ஒன்று.

அவர்கள் 1505 இல் இலங்கைக்கு வந்தபோது அவர்களின் முதற் போட்டியாளர் நம் முன்னோரான முஸ்லிம் வணிகர்களே. 1626 இல் தளபதி கொன்ஸ்தாந்தீனு த சா தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினான். கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்று, ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. நம்மைக் கரையிலிருந்து துரத்திய அதே காலமும் அதே கடல்வழியுமே இந்த விதைகளையும் நமக்குக் கொண்டுவந்தன. வெறுப்போடு வந்தவனின் கப்பலில் வந்ததற்காக விதையை யாரும் வெறுக்கவில்லை. நட்டார்கள், அது காய்த்தது. இன்று அது நம்முடையது.

புதிய காய்க்குப் பழைய பெயரைச் சூட்டும் பழக்கம் நம்மிடமும் உண்டு. 'பூசணி' என்ற பெயர் ஆசியாவின் பழைய பயிரான நீற்றுப் பூசணிக்கு உரியது. உருவத்தில் ஒத்திருந்தமையாற் புதிதாய் வந்த காயும் அப்பெயரைப் பெற்றது. பின்னர் புதியவன் வீட்டுக்காரனாகிவிட, பழையவனை இனங்காட்ட 'நீற்று' என்ற அடைமொழி தேவைப்பட்டது. சரியாக இதுவே அரபு மொழியிலும் நிகழ்ந்தது. 'துப்பாஃ', 'கர்உ', 'யக்தீன்' என்று சுரைக்காய்க்கு வழங்கிய பெயர்களை அமெரிக்காவிலிருந்து வந்த பூசணியும் பங்குபோட்டுக் கொண்டது. எகிப்தியர் அதைத் தேன் சுரை என்ற பொருளில் 'கர்உ அஸலி' என்கின்றனர். இன்றைய அரபி ஒருவரிடம் யக்தீன் எதுவெனக் கேட்டாற் பூசணியைக் காட்டவும் கூடும். அது இன்றைய வழக்கு. ஏழாம் நூற்றாண்டின் வழக்கல்ல.

அன்றைய துப்பாஃ சுரைக்காயே என்பதற்கு ஹதீஸுக்குள்ளேயே இன்னொரு சான்று கிடைக்கிறது. அப்துல் கைஸ் கோத்திரத்தார் தூதுக்குழுவாக மதீனா வந்தபோது, பானம் ஊறவைக்கும் நான்கு வகைப் பாத்திரங்களை நபியவர்கள் தடுத்தார்கள். அவற்றுள் ஒன்றின் பெயரும் துப்பாஃ தான். பின்னர் அத்தடை தளர்த்தப்பட்டது என்பது வேறு விடயம். நாம் கவனிக்க வேண்டியது, அந்தக் காய் உலர்ந்தாற் பாத்திரமாகும் என்பதையே. முற்றி உலர்ந்த சுரைக்காய் மரம்போல் இறுகிக் குடுக்கையாகும். நம் முன்னோரும் தண்ணீருக்கும் தேனுக்கும் அதைப் பயன்படுத்தினர். நமது மஞ்சட் பூசணியைப் போட்டு வைத்தால் ஈற்றில் அழுகுமே தவிரக் குடுக்கையாகாது.

யூனுஸ் (அலை) அவர்கள் மீன் வயிற்றிலிருந்து வெளிப்பட்டு நலிவுற்றிருந்தபோது அவர்களுக்கு நிழலாக யக்தீன் கொடி முளைப்பிக்கப்பட்டதை அல்குர்ஆன் 37 ஆவது அத்தியாயத்தில், 146 ஆவது வசனத்திற் கூறுகின்றது. யக்தீன் என்பது சுரையே என முற்கால விரிவுரையாளர் பலர் கூறியதை இமாம் இப்னு கதீர் தொகுத்துத் தந்துள்ளார். விரைந்து வளர்தல், அகன்ற இலை, ஈ அண்டாமை ஆகிய சிறப்புக்களையும் எடுத்துரைக்கின்றார். அவர் மரணித்தது 1373 இல். கொலம்பஸ் புறப்படுவதற்கு 119 ஆண்டுகளுக்கு முன்னர். அவர் எந்தக் கொடியைக் கண்டு எழுதினார் என்பதை இனிச் சொல்லவும் வேண்டுமா?

சுரைக்காயின் வரலாறும் வியப்பானது. அதன் தாயகம் ஆபிரிக்கா. பாத்திரமாகும் அதன் உலர்ந்த ஓடு கடலில் மிதக்கும்; விதையும் உள்ளே பழுதாகாமல் நெடுநாள் கிடக்கும். அவ்வாறு அத்திலாந்திக் சமுத்திரத்தில் மிதந்தே அது அமெரிக்காவை அடைந்தது என்பதை 2014 இல் வெளியான மரபணு ஆய்வொன்று எடுத்துக் காட்டியது. கீலா நக்கித்ஸ் குகையிலும் பூசணியோடு சுரையின் எச்சங்கள் கிடைத்தன. மனிதனின் கப்பலுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே சுரை அக்கரை சென்றது. கப்பல் வந்த பின்னரே பூசணி இக்கரை வந்தது.

'அப்படியானால் எங்கள் பூசணிக்கு ஸுன்னத்தின் சிறப்பு இல்லையா?' என்று சிலர் மனம் வருந்தலாம். வருந்த ஏதுமில்லை. அனஸ் (ரழி) அவர்களின் நேசம் நபியவர்கள் மீதானது. அது எந்தக் காயாலும் கூடுவதோ குறைவதோ இல்லை. அந்த நேசத்தைப் பின்பற்ற விரும்புவோர் சுரைக்காய் சமைக்கட்டும். சந்தையில் மலிவாகக் கிடக்கும் அந்த ஏழைக் காயை நாம் ஒதுக்கிவைத்து, அதன் பெருமையை மட்டும் பூசணிக்குக் கொடுத்திருக்கிறோம் என்பதே உண்மை. பூசணியை ஹலாலான, நல்ல உணவாக நன்றியோடு உண்போம்.

ஆனால் கவலைப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு; அது மருத்துவம். இப்னுல் கையிம் (மரணம் 1350) போன்றோர் நபிவழி மருத்துவ நூல்களில் யக்தீனுக்குச் சொன்ன குணங்கள் சுரைக்காய்க்குரியவை. அவற்றை அப்படியே மஞ்சட் பூசணிக்கு ஏற்றி, சலரோகம் தீரும், இரத்த அழுத்தம் தீரும் என்று சொல்வோர் பெருகியுள்ளனர். கிராமங்களில் மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாறு குடிக்கும் முதியோரைப் பார்க்கிறோம். ஒரு சொல்லின் பொருளை மாற்றிப் படிப்பதால் ஒரு மனிதனின் சிறுநீரகமும் கண்ணும் பழுதாகுமென்றால், மொழிபெயர்ப்பு சிறிய விடயமல்ல.

பூசணியின் உண்மைக் குணங்களே போதும். 100 கிறாம் பச்சைப் பூசணியில் ஏறத்தாழ 92 கிறாம் நீர், 26 கலோரி சக்தி, 6.5 கிறாம் மாப்பொருள். 340 மில்லிகிறாம் பொட்டாசியம். 9 மில்லிகிறாம் விற்றமின் சீ. அதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பீற்றா கரோட்டின் 3 மில்லிகிறாம் அளவில் உண்டு. நம் உடல் அதை விற்றமின் ஏ ஆக மாற்றுகின்றது. மாலைக்கண்ணைத் தடுக்கவும், பிள்ளைகளின் நோயெதிர்ப்புச் சக்திக்கும் அது இன்றியமையாதது. கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தாற்றான் உடலிற் சுவறும். உம்மம்மாமார் பூசணிக்குத் தேங்காய்ப்பால் விட்டதில் அந்த விஞ்ஞானம் இருந்தது. சலரோகம் உள்ளவர் அளவோடு கறியாக உண்ணலாம். அதை மருந்தென்று எண்ணி மாத்திரையை விடலாகாது. சிறுநீரக நோயாளர் பொட்டாசியம் பற்றி வைத்தியரைக் கேட்டே உண்ண வேண்டும்.

நாம் கழித்து எறியும் விதையில்தான் பெருஞ் செல்வம் இருக்கின்றது. ஓடு நீக்கி உலர்த்திய 100 கிறாம் பருப்பில் 30 கிறாம் புரதம் உண்டு. மக்னீசியமும் நாகமும் நிறைய உண்டு. மெக்சிக்கோவின் ஆதி உழவர் முதலில் விரும்பியதும் அதைத்தானே. கழுவி வெயிலிற் காயவைத்து உப்பிட்டு வறுத்தால், பிள்ளைகளுக்குக் கடைப் பைக்கற்றுக்களை விட நல்ல கொறிப்பான் கிடைக்கும். இளந் தளிரும் பூவும் சுண்டலுக்கு உதவும்.

சமையலைப் பொறுத்தவரை பூசணி எல்லா நாட்டு முஸ்லிம்களின் வீட்டிலும் குடியேறிவிட்டது. மொரோக்கோவில் ஏழு மரக்கறிக் குஸ்குஸில் அது ஒன்று. துருக்கியில் சீனியில் வேகவைத்து வாதுமைத் தூள் தூவி இனிப்பாக உண்கின்றனர். ஆப்கானில் தக்காளியோடு பொரித்து வேகவைத்து, உள்ளி சேர்த்த தயிரை மேலே ஊற்றுகின்றனர். நம் நாட்டில் தோலோடு பெருந்துண்டாக வெட்டி, வெங்காயம், உள்ளி, பச்சைக் கொச்சிக்காய், கறிவேப்பிலை, மஞ்சள், சிறிது மாசியிட்டுப் பாற்கறியாக ஆக்குகின்றோம். இறக்கும் வேளையில், வறுத்த அரிசியையும் கருக வறுத்த தேங்காய்ப்பூவையும் கடுகோடு அரைத்துச் சேர்ப்பது வட்டக்காய் என்று சிங்கள அயலவர் அதற்குத் தரும் பெயரோடு வந்த பக்குவம். இனிப்பு மேசையில் வரும் பூசணித் தோசி மட்டும் மஞ்சட் பூசணியல்ல, நீற்றுப் பூசணி. தோசி என்ற சொல்லோ இனிப்பைக் குறிக்கும் போர்த்துக்கேயரின் 'தோசெ'. காய் ஆசியாவுக்குரியது, பெயர் பறங்கிக்குரியது, இன்று அது நம் பெருநாள் பலகாரம்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். சுரையிலும் பூசணியிலும் சிலவேளை பழைய காட்டுக் கசப்பு மீண்டும் தலைகாட்டும். அது குக்குர்பிட்டசின் என்ற நச்சுப் பொருளாகும். கசக்கும் சுரைச் சாற்றைக் குடித்து இந்தியாவிற் சிலர் இறந்ததையடுத்து, அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழுவைக் கொண்டு அதனை ஆராய்ந்தது. வெட்டியதும் சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. மருந்து கசக்கத்தான் செய்யும் என்று கண்ணை மூடிக் குடிப்பது இங்கே உயிராபத்து.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லி ஏட்டைக் கேலி செய்வது நம் வழக்கம். ஆனால் ஏட்டில் இருந்த சுரைக்காயைச் சரியாக வாசிக்காததாலேதான் கறிச்சட்டியில் இருந்த பூசணியையும் நாம் அறியாமற் போனோம். நம் வகுப்பறைகளில் வரலாறு என்றால் மன்னர்களும் போர்களுமே. ஒரு பூசணிக்காயை மேசைமேல் வைத்து, இது எங்கிருந்து வந்தது, யார் நட்டார், யார் சுமந்தார், யார் பெயரிட்டார் என்று பிள்ளைகளைக் கேட்டால், மெக்சிக்கோவின் குகையும் மதீனாவின் தையற்காரர் வீடும் கொச்சித் துறையும் மட்டக்களப்பு வாவியும் ஒரே பாடத்துக்குள் வந்துவிடும். அந்தப் பாடம் முடிந்ததும் காயை வெட்டிக் கறியாக்கலாம். விதையைப் பாடசாலைத் தோட்டத்தில் நடலாம்.